‘குடும்பம், உடல்நலம், வேலை’ - மூன்று மாதமாக இதே மூன்றா?

கேள்வி: எனக்கு வயது 38. தூங்கப் போகுமுன் அன்றைக்கு நன்றி சொல்ல மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுவது மூன்று மாதமாக என் வழக்கம். தினமும் குடும்பம், உடல்நலம், வேலை என்றே வருகிறது; மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவர் வெளியூரில் இருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்வரை மகனைப் பார்த்துக்கொள்வது மாமனார்தான். ஆனால் அவர் பேச்சு சில நேரம் என்னைக் குத்திவிடும். அவரைப் பற்றி ஒரு வரி எழுதவும் கை வரவில்லை. நான் நன்றி கெட்டவளா?

அன்புச் சகோதரி,

நன்றி கெட்டவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. உங்கள் நோட்டில்தான் குறை. ‘குடும்பம்’ என்பது ஒரு தலைப்பு. அன்றைக்கு நடந்தது எதுவும் அதில் இல்லை.

வள்ளுவர் இதற்கு வைத்த பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நல்லது. யார், என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று அறிவதுதான் நம் வேலை. வாயால் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒருமுறை என் வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். பன்னிரண்டு வயது மகள்தான் தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவாள். கோணலாகத்தான் இருக்கும். ‘சரி, குழந்தை பின்னியது’ என்று கிளம்பிவிடுவேன். கட்டுப் பிரித்த மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் தலையணைக்கு அடியில் அலாரம் அடித்தது. எனக்காக ஆறு வாரமும் அரை மணி நேரம் முன்னால் எழுந்திருக்கிறாள். அன்றைக்கு நிறுத்த மறந்துவிட்டாள். அந்த ஒரு சத்தத்தில் எனக்குத் தெரிந்தது, ‘நல்ல மகள்’ என்று நூறு முறை எழுதியிருந்தாலும் தெரிந்திருக்காது.

தினமும் எழுத வேண்டும் என்றும் இல்லை. 2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் நடத்திய ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினர் நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறைதான் எழுதினார்கள், பத்து வாரம். அதேபோல் தங்கள் தொல்லைகளை எழுதிய இன்னொரு பிரிவினரைவிட இவர்களுக்கு உடல் உபாதைகள் குறைவாக இருந்தன, வரும் வாரத்தைப் பற்றிய நம்பிக்கை கூடுதலாக இருந்தது. நீங்களும் வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சம்பவம் போதும், ஆனால் ஐந்தாறு வரி எழுதுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நோட்டை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இனி மாமனார். அவர் பேச்சால் பட்ட வருத்தமும் அவர் செய்யும் உதவியும் இரண்டுமே உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்காதீர்கள். ‘இவ்வளவு செய்கிறாரே, இதைப் பொறுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் அதை நன்றி என்று ஏற்க வேண்டாம். உங்கள் வாயை அடைக்கிறார்கள், அவ்வளவுதான். குத்தும் பேச்சைப் பற்றி, கணவரையும் வைத்துக்கொண்டு, அதற்கென்றே ஒரு நாள் அவரிடம் பேசுங்கள்.

ஆனால் இந்த வாரம் அவருடைய ஒரு பிற்பகலை மட்டும் கவனியுங்கள். பையன் வரும் நேரத்துக்கு எத்தனை நிமிஷம் முன்னால் வாசலுக்குப் போகிறார், அதற்காக எந்தத் தூக்கத்தை விடுகிறார் என்று மகனிடமே கேளுங்கள், சொல்வான். அதை எழுதுங்கள். எழுத வந்துவிட்டால் அவரிடமே சொல்லிவிடுங்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்களையும் பெற்றவர்களையும் வைத்து குமார், எப்லி என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் அளவுக்கு மீறி நினைத்திருந்தார்கள்; அவர் அடையப்போகும் மகிழ்ச்சியையோ குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

நீளமாக வேண்டாம். “மாமா, நீங்க இருக்கிறதால பையன் வீட்ல தனியா இருப்பானோன்னு நான் ஒரு நாள்கூட பயந்ததில்ல.” இவ்வளவுதான். இதோடு ‘ஆனா...’ என்று எதையும் சேர்க்காதீர்கள், அதற்கு வேறு நாள் இருக்கிறது. அவர் பதில் பேசாமல் எழுந்து போய்விடலாம். அப்படியே விட்டுவிடுங்கள்.