சூரியகாந்தித் தண்டைக் குடையும் கூன்வண்டு: உங்கள் கேள்விகள்

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் கான்சாஸில் நண்பரின் வயலில் முற்றிய சூரியகாந்தி அடியோடு ஒடிந்து கிடக்கிறது. தண்டைப் பிளந்தால் வெள்ளைப் புழு. கூன்வண்டுதானா?

பதில்: ஒரு தண்டில் எத்தனை புழு என்று எண்ணினீர்களா? அங்கே இரண்டு பேர் மேல் சந்தேகம். தண்டுக் கூன்வண்டு (வளைந்த மூக்குள்ள சின்ன வண்டு, அறிவியல் பெயர் சிலிண்ட்ரோகாப்டுரஸ் அட்ஸ்பெர்சஸ்) என்றால் புழு சின்னது, காலில்லை, தலை பழுப்பு. அடித்தண்டின் சுவரில் ஆளுக்கொரு குழி தோண்டிப் படுத்திருக்கும். 25, 30 புழு சேர்ந்தால்தான் தண்டு தாங்காது. பெரிய புழுவாக ஒன்றே ஒன்று இருந்து, ஒடிந்த இடம் உள்ளிருந்து வளையமாக அறுத்ததுபோல வழவழப்பாக இருந்தால் அது டெக்டிஸ் என்கிற நீள்கொம்பு வண்டு. கூட இருக்கும் புழுவைத் தின்றுவிடும் குணம் அதற்கு, அதனால்தான் ஒன்று.

கேள்வி: வண்டு ஜூன் மாதமே வருகிறதாம். ஒடிவது மட்டும் ஏன் கடைசியில்?

பதில்: ஜூன் நடுவிலிருந்து வண்டு வெளிவந்து இலையையும் தண்டுத் தோலையும் கொஞ்சம் கொறிக்கும். அந்தச் சேதம் பெரிதில்லை. பிறகு பெண் வண்டு கீழே இறங்கி அடிக்கணுவை ஒட்டி முட்டை வைக்கும். புழு முதலில் தோலுக்கடியில் தின்னும், வளர வளர நடுச்சோற்றுக்குப் போகும், ஆகஸ்ட் கடைசியில் தரைமட்டத்துக்கு இறங்கிக் குழி தோண்டும். பனிக்காலம் முழுக்க அங்கேதான். பூத்தலை கனத்து நிற்கும் நேரத்தில் அடித்தண்டு சல்லடையாகிவிடுகிறது. ஒரு காற்று போதும். 1973இல் வடக்கு டகோட்டாவில் ஒரு வயலில் 80 சதவீத விளைச்சல் இப்படிப் போனது.

கேள்வி: அப்படியானால் இப்போது மருந்தடிக்கலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீண். தண்டுக்குள் போன புழுவை மருந்து தொடாது. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில், முட்டை வைக்கும் முன் வண்டை அடிக்க வேண்டும். மூன்று செடிக்கு ஒரு வண்டு இருந்தால் மருந்தடிக்கலாம் என்பது கணக்கு. எண்ணுகிறவர் பூனைநடை நடக்க வேண்டும்! செடி அசைந்தால் வண்டு பொத்தென்று மண்ணில் விழுந்து செத்ததுபோல் கிடக்கும். சாம்பல் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, நீளம் அரை சென்டிமீட்டர்கூட இராது. மண்கட்டியா வண்டா என்று தெரியாது.

என் யோசனை, விதைப்பிலேயே கை வையுங்கள். மே கடைசி, ஜூன் தொடக்கம் என்று தள்ளி விதைத்தால் புழு குறையும். நெருக்கி விதைக்காதீர்கள், தண்டு பருத்தால் அதே புழுவைத் தாங்கும்.

கேள்வி: ஒடியாவிட்டால் கவலை இல்லையே?

பதில்: இருக்கிறது. போமா கருந்தண்டு நோய், கரியழுகல் என்கிற இரண்டு பூஞ்சாண நோய்களும் இதோடு சேர்ந்து வருவதுண்டு.

கேள்வி: அண்ணா, நம் கரூர்ப் பக்கம் இது வருமா?

பதில்: இது வட அமெரிக்கப் பூச்சி தம்பி. நம்மூரில் பருத்தித் தண்டில் ஒரு கூன்வண்டு உண்டு, தரையை ஒட்டித் தண்டு வீங்கி அங்கேயே ஒடியும். அது வேறு இனம். உங்கள் சூரியகாந்தியில் தத்துப்பூச்சியையும் பூத்தலையைத் தின்னும் காய்ப்புழுவையும் பாருங்கள்.

கேள்வி: கொலராடோவில் வீட்டுக்குப் பின்னால் நாலு செடிதான் இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: குச்சி நட்டுக் கட்டுங்கள். விதை எடுத்ததும் அடித்தண்டை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.