வெள்ளைக் கொக்குகளில் எது எது?

கேள்வி: பள்ளிக்கரணைச் சதுப்பில் வெள்ளைக் கொக்கெல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: அலகும் காலும் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேறு அப்பியிருந்தால் விரல் நிறம் தெரியாது. காலைத் தூக்கும்வரை பொறுங்கள்.

பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் சிரமம். தனியாக நிற்கும் பறவையின் உயரத்தை நம்பாதீர்கள், கண் ஏமாறும். அலகு நிறமும் கைவிடும். இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்குமே மஞ்சள் அலகு கறுத்துவிடும். வாய்ப்பிளவை, அதாவது அலகு திறக்கும் இடத்திலிருந்து கண் பக்கம் ஓடும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரியது. கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரம். 8 மடங்கு பெருக்கும் பைனாகுலரே போதும், வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்றால்.

மாடுகளுக்கு நடுவே குட்டைக் கழுத்தோடு திரிவது உண்ணிக்கொக்கு.