வெறும் கூத்தா?

கேள்வி: எடிட்டர் அண்ணா, எங்க கோயில் திருவிழாவுக்கு பரதநாட்டியம் வைக்கிறதா, சிக்ஸ் ஃபுட் டான்ஸ் (இங்க தெருக்கூத்துக்கு அதான் பேரு) வைக்கிறதான்னு பெரிய பேச்சு. பரதம் உயர்ந்த கலை, தெருக்கூத்து வெறும் பொழுதுபோக்குன்னு கமிட்டில சொல்றாங்க. உங்க ஓட்டு எதுக்கு?
– சாட்ஸ்வர்த் வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஓட்டு இருக்கட்டும்மா, அந்த ‘வெறும்’ எங்கேர்ந்து வந்துச்சு? தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்டை, எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு பாடிக்கிட்டே சுத்திச் சுத்தி விடிய விடிய ஆடுறவன் செய்யறது வெறுமா? அதுவும் கூத்துல கோமாளியா வர்ற அந்த கட்டியக்காரன் இருக்கானே, துரியோதனனே திரைக்குப் பின்னாடிலேர்ந்து வந்து நின்னாலும் விடமாட்டான், யாருய்யா நீ, எந்த ஊரு, மீசை நெசமா ஒட்டுனதான்னு கேப்பான், ராஜா பாட்டாலேயே பதில் சொல்லணும், சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த கேள்வி, ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும், அதுக்கு எவ்வளவு வித்தை வேணும் தெரியுமா! 1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் இங்க வந்ததுலேர்ந்து 1911 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலி ஜனத்தோட வந்த கலைம்மா இது. தமிழ் எழுத்தே தெரியாத பசங்ககூட பாட்டை இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சு மனப்பாடம் பண்ணி ஆடுறாங்க, எனக்கு அவங்கமேல அவ்வளவு மரியாதை.

உயர்ந்த கலைன்னு சொல்றீங்களே, அந்த பரதத்துக்கு அந்தக் காலத்துல சதிர்னு பேரு, படிச்சவங்களே அதை ஒழிக்கணும்னு இயக்கம் நடத்தினாங்க. வக்கீல் ஈ.கிருஷ்ணய்யர் தானே பொண்ணு வேஷம் கட்டி ஆடி அதுக்காக வாதாடினார், 1931ல மெட்ராஸ் மியூசிக் அகாடமி, பரம்பரையா சதிர் ஆடுன குடும்பத்து கல்யாணியோட பொண்ணுங்களை மேடையேத்துச்சு, 1936ல ருக்மிணி தேவி கலாக்ஷேத்ரா ஆரம்பிச்சாங்க, கௌரவம் வந்துச்சு. ஆனா பரம்பரையா ஆடுன குடும்பங்கள்ல முக்காவாசி பேருக்கு அந்த கௌரவத்துல பங்கு கிடைக்கலை, இதை எழுதினா எனக்கு கோவமா லெட்டர் போடுறவங்க இந்தத் தடவையும் போடுங்க, நான் மாத்தப் போறதில்லை.

எனக்கு வயித்தெரிச்சல் வேற ஒண்ணு. ஒரு கோயில்ல (பேரு வேணாம்) கூத்து நடக்கும்போது பத்து மணிக்கு மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க, திரௌபதி இன்னும் சபைக்கே வரலை, அங்கேயே நின்னுபோச்சு பாரதம். அதே மேடையில மறுநாள் டிஜே பன்னெண்டு வரைக்கும்.

உங்க கமிட்டில சொல்லுங்கம்மா: சாயங்காலம் பரதம் வைங்க, பொண்ணுங்க நல்லா ஆடட்டும். எட்டு மணிக்கு மேடையை கூத்துக்காரங்ககிட்ட விட்டுடுங்க, விடியிற வரைக்கும் மைக்ல கை வைக்காதீங்க, ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம் கொடுங்க.