முகாம் நடந்தும் வெறிநாய் வருவது ஏன்?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் மூன்று வருடமாக நாய்களுக்கு ரேபீஸ் தடுப்பூசி முகாம் நடக்கிறது. வருடா வருடம் 70 சதவீதம் முடிந்தது என்கிறார்கள். ஆனாலும் வெறிநாய் வருகிறது. மருந்து சரியில்லையா?

பதில்: மருந்தைவிடக் கணக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. எனவே பாதி நாய்களுக்கு எப்போதும் எதிர்ப்புச் சக்தி இருந்தாலே சங்கிலி அறுந்துவிடும். பிறகு ஏன் 70? இடையில் ஏற்படும் கசிவுக்காக. 1,000 நாய்களில் 700க்கு ஊசி போட்டதாக வையுங்கள். தெருநாய்க்கு ஆயுள் குறைவு. ஒரு வருடத்தில் 300 செத்து, அந்த இடத்துக்கு 300 குட்டிகள் வந்தால், ஊசி போட்டவற்றில் மிஞ்சுவது 490தான். அடுத்த முகாம் ஆறு மாதம் தள்ளிப்போனால் அதுவும் இன்னும் கரையும்.

அடுத்து, எத்தனை நாய்களில் 70 சதவீதம்? ஊரில் 1,000 நாய் என்று எழுதிவைத்து 700 டோஸ் செலவழித்தால் தாளில் 70 வந்துவிடும். உண்மையில் 1,600 நாய் இருந்தால் அது 44 சதவீதம்தான். சரிபார்க்கும் வழி எளிது. ஊசி போடும்போதே நாயின் தலையிலோ முதுகிலோ சாயப் பொட்டு வையுங்கள், அல்லது கழுத்தில் வண்ணப் பட்டை கட்டுங்கள். ஓரிரு நாளுக்குள், விடிந்தும் விடியாத நேரத்தில், தெருத் தெருவாக நடந்து கண்ணில் படும் எல்லா நாயையும் எண்ணுங்கள். 120 நாயில் 66க்கு அடையாளம் இருந்தால் 55 சதவீதம். ஊசி போட்டவர்களே எண்ணக் கூடாது. வேறு ஆள் எண்ண வேண்டும். வட்டாரத்துக்கு மொத்தமாகப் போடாமல் பகுதி பகுதியாகக் கணக்குப் போடுங்கள். இரண்டு பகுதியில் 90, ஒன்றில் 30 என்றால் சராசரி 70 என்று அழகாக வரும்; நோய் அந்த 30இல் உட்கார்ந்திருக்கும்.

பெரும்பாலும் விட்டுப்போவது குட்டிகள். "மூன்று மாதம் ஆகட்டும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். தாய்க்கு ஊசி போட்ட வளர்ப்புக் குட்டிக்குச் சொல்லும் விதி அது. தெருவில் அதே விதியைப் பிடித்துத் தொங்கினால், அடுத்த வருட முகாம் வரை அந்தக் குட்டி பாதுகாப்பே இல்லாமல் அலையும். கூட்டு முகாமில் எல்லா வயதுக் குட்டிக்கும் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: தொந்தரவே வேண்டாம் என்று தெருநாய்களைக் கொன்றுவிட்டால் என்ன?

பதில்: செய்து பார்த்தாயிற்று. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுக்கு 1997இல் படகில் வந்த நாய்களோடு ரேபீஸ் வந்தது. பெருந்தொகையாக நாய்களைக் கொன்றார்கள், நோய் போகவில்லை. 2008இல் பாலித் தீவிலும் கொல்வதில் ஆரம்பித்து, 2010இல் தீவு முழுக்கத் தடுப்பூசி போட்ட பிறகே பாதிப்பு இறங்கியது. காரணம் இருக்கிறது. கையில் சுலபமாகச் சிக்குவது மனிதரை அண்டி நிற்கும் நாய். ஊசி போட்டதும் அதுவாகத்தான் இருக்கும். அதைக் கொன்றால் காலி இடத்துக்கு ஊசி போடாத குட்டி வரும். வளர்ப்பவர்களோ தங்கள் நாயை இரவோடு இரவாக அடுத்த ஊருக்குக் கடத்துவார்கள். நோய்க்கு நாமே வண்டி ஏற்றிவிட்ட கதைதான். கருத்தடை நல்லது, நாய்கள் மாறிக்கொண்டே இருப்பதை அது குறைக்கும். ஆனால் கருத்தடை செய்த நாய்க்கு அதனாலேயே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. அதே மயக்கத்தில் ஊசியையும் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: வலைக்கும் சிக்காத நாய்களுக்கு இரையில் வைத்துத் தரும் மருந்து இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1978இல் கோழித் தலைக்குள் மருந்து வைத்து நரிகளுக்குப் போட்டுத்தான் இது தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவில் நரிகளிடமிருந்து ரேபீஸ் ஒழிந்தது இந்த வழியில்தான். நாய்க்கு இது துணைக்கருவி மட்டும். இரைக்குள் மருந்துப் பை இருக்கும். நாய் அதைக் கடித்து உடைத்து, மருந்து வாயிலும் தொண்டையிலும் பட வேண்டும். அப்படியே விழுங்கினால் வீண். அதனால் வீசிவிட்டுப் போகாமல் நின்று பார்த்து, துப்பிய பையைப் பொறுக்கிக்கொண்டுதான் நகர வேண்டும்.

கேள்வி: என் மகனைத் தெருநாய் கடித்து ரத்தம் வந்தது. தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றியும் ஊசி குத்தினார்கள். பையன் துடித்துவிட்டான். அது அவசியமா?

பதில்: அவசியம். தடுப்பூசி போட்டாலும் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் கிருமி நரம்புக்குள் ஏறாமல் அங்கேயே மடக்குவது காயத்தைச் சுற்றிக் குத்திய அந்தச் சீரம், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின். உடல் எடையில் கிலோவுக்கு மனிதச் சீரம் என்றால் 20 யூனிட், குதிரைச் சீரம் என்றால் 40 யூனிட் வரை. காயத்துக்குள்ளும் சுற்றிலும்தான் போக வேண்டும். காயத்தை விட்டுவிட்டு முழுவதையும் இடுப்பில் போட்டால், கிருமி இருக்கும் இடத்துக்கு உரிய அளவு போய்ச் சேராது. பல இடத்தில் கடி இருந்து மருந்து போதாவிட்டால் சலைன் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் போடுவார்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் சீரம் வேண்டாம். அதற்குள் உடம்பே தயாரிக்க ஆரம்பித்திருக்கும்.

தோல் கிழியாத நக்கலுக்கு எதுவும் வேண்டாம். ரத்தம் வராத கீறலுக்குத் தடுப்பூசி மட்டும். ரத்தம் வந்தாலோ, கண்ணிலும் வாயிலும் எச்சில் பட்டாலோ, வெளவாலோடு நேரடித் தொடர்பு என்றாலோ இரண்டும் வேண்டும். தசையில் போடும் முறையில் 0, 3, 7ஆம் நாள்கள், பிறகு 14க்கும் 28க்கும் இடையில் ஒன்று. தோலுக்குள் போடும் முறைகளுக்கு நாள் கணக்கு வேறு, டாக்டர் எழுதித் தரும் தேதியை மாற்றாதீர்கள். தசை ஊசி தோளில், சின்னக் குழந்தைக்குத் தொடையின் முன்பக்கம். பிட்டத்தில் கூடாது, கொழுப்பில் தங்கி எதிர்ப்புச் சக்தி குறைவாக வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சோப்பு. கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைக்கும். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடம் நனைத்துவிட்டுக் கால் மணி நேரம் என்று சொல்பவர்களே அதிகம். முடிந்தவரை தையல் வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் சீரத்துக்குப் பிறகுதான்.

கேள்வி: கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் பயமில்லை என்பது எல்லா விலங்குக்கும் பொருந்துமா?

பதில்: நாய்க்கும் பூனைக்கும் மட்டும். நோய்கண்ட நாய் எச்சிலில் கிருமியை வெளியேற்ற ஆரம்பித்தால் பத்து நாளுக்குள் செத்துவிடும் என்பதுதான் அடிப்படை. ஆனால் ஊசியை நிறுத்திவைத்துக்கொண்டு பத்து நாள் காத்திருக்கக் கூடாது. முதல் நாளே ஆரம்பித்து, நாய் நலமாக இருந்தால் மீதியை நிறுத்தலாம்.

கேள்வி: எங்கள் மாடு ஓயாமல் கத்துகிறது, எச்சில் வடிகிறது, எதையும் விழுங்கவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்கிறார்கள்.

பதில்: வாய்க்குள் கைவிடாதீர்கள். ரேபீஸ் வந்து தொண்டைத் தசை செயலிழந்த மாடும் பார்வைக்கு அப்படியே இருக்கும். பார்க்கப் போனவர்கள் கையில் சிராய்ப்போடு எச்சிலை வாங்கிக்கொள்வது இப்படித்தான். தனியே கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே கைவிட்டவர் இன்றே ஊசிக்குப் போக வேண்டும். பாலைக் கறந்து பயன்படுத்தாதீர்கள். முன்பே காய்ச்சிக் குடித்ததற்குப் பயம் வேண்டாம், சூட்டில் கிருமி செத்துவிடும்.

கேள்வி: செத்த நாய்க்கு ரேபீஸ்தானா என்று பார்க்க எதை அனுப்புவது?

பதில்: மூளையை. அடித்துக் கொல்லும்போது மண்டையை உடைத்துவிட்டால் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. முன்கூட்டியே தடுப்பூசி போட்ட பணியாளர், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மண்டையின் பின்துவாரம் வழியாக ஒரு ஸ்ட்ராவைச் செலுத்தியே மூளைத்தண்டு மாதிரியை எடுத்துவிடலாம். மண்டையை அறுக்க வேண்டியதில்லை. கசியாத டப்பாவில், ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் வழக்கமான ஒளிர்வுச் சோதனைக்கு உதவாது. முடிவுக்காகக் கடிபட்டவரின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் எலி கடித்துவிட்டது.

பதில்: பொதுவாக எலிக்கடிக்கு ரேபீஸ் ஊசி தேவைப்படாது. காயத்தைக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்பார், தேடி வையுங்கள்.