அம்மாவின் கையில் ஸ்மார்ட் வாட்ச்: எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. தனியாக வசிக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அவருடைய ஸ்மார்ட் வாட்ச் பதிவுகளை என் செல்பேசியில் பார்க்கிறேன். இரவில் நாடித்துடிப்பு 49-க்கு இறங்குகிறது. ஆழ்ந்த தூக்கம் 35 நிமிடம்தான். ஒருமுறை ஆக்சிஜன் 89 காட்டியது. மன அழுத்தம் எப்போதும் ‘அதிகம்’. இரண்டு மாதத்துக்கு முன் தினமும் 4,500 காலடிகள் நடந்தவர், இப்போது 1,800-தான். இணையத்தில் படித்துவிட்டு, நான்கு நாட்களாக மாத்திரையைப் பாதியாக்கிவிட்டேன். தூக்கத்திலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மாத்திரையில் கைவைத்ததுதான் உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான விஷயம். இன்றே அம்மாவின் மருத்துவரிடம் சொல்லி, எந்த அளவில் தொடர்வது என்று கேளுங்கள். துடிப்பைக் குறைப்பதுதான் மெட்டோப்ரோலாலின் வேலை. அதைத் திடீரென்று குறைத்தால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறலாம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பே வரலாம். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு உறக்கத்தில் 49 என்பது வழக்கமாகப் பார்ப்பதுதான். பகலில் தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் யோசிக்க வேண்டும்.

ஒற்றை 89-ஐ மறந்துவிடுங்கள். தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வருவதைக் கொண்டு கணக்கிடும் கருவி அது. பட்டை தளர்ந்தாலும், கை சில்லிட்டாலும், கையின் மேல் படுத்தாலும் எண் தவறும். அடிக்கடி குறைவாகக் காட்டினால் மட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் சரிபாருங்கள். தூக்கத்தின் நிலைகளை உறுதியாகச் சொல்ல மூளை அலைகளைப் பதிவுசெய்ய வேண்டும். மணிக்கட்டு அசைவையும் துடிப்பையும் வைத்து வாட்ச் ஊகிக்கத்தான் செய்கிறது. மன அழுத்த எண்ணும் துடிப்பிலிருந்து போடும் கணக்குதான். துடிப்பையே மாற்றும் மருந்து சாப்பிடுபவரிடம் அதற்கு என்ன மதிப்பு?

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய காலடிக் கணக்குதான் என்னை நிறுத்துகிறது. வயதானால் நடை குறையும், ஆனால் இரண்டே மாதத்தில் பாதிக்கும் கீழே போகாது. வாட்சை அவர் கழற்றி வைத்துவிடுகிறாரா, கைத்தடியோ வாக்கரோ பிடிக்கத் தொடங்கியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கை வீசாமல் நடந்தால் எண்ணிக்கை குறைவாகவே பதிவாகும். ஆனால் வாக்கர் பிடிக்கத் தொடங்கியிருந்தால், அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

மெய்யாகவே நடை குறைந்திருந்தால், இதயம் பலவீனமாவதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம். “மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்பார். அது பொய்யல்ல. மூச்சு வாங்கும் வேலைகளை அவரை அறியாமலே விட்டிருப்பார். அதனால் எதையெல்லாம் நிறுத்திவிட்டார் என்று கேளுங்கள். மாடிப்படியில் நடுவே நிற்கிறாரா? குளித்து முடித்ததும் உட்கார்ந்துவிடுகிறாரா? தலையணையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியிருக்கிறாரா? கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. ஒரே வாரத்தில் 2 கிலோ எடை கூடினாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மூட்டுவலி, மனச்சோர்வு ஆகியவையும் நடையைச் சுருக்கும். இன்னொன்றையும் விசாரியுங்கள்: எங்காவது விழுந்தாரா? தனியாக இருக்க விடமாட்டார்கள் என்று அஞ்சி, விழுந்ததை மறைக்கும் முதியவர்கள் நிறையப் பேர். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தால் வாட்ச் அதை உணராமலே போகலாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இரவெல்லாம் திரையைப் பார்ப்பதால் அம்மாவின் பாதுகாப்பு எதுவும் கூடிவிடாது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல அது. நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு: இவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அப்போது வாட்ச் ‘இயல்பு’ என்று காட்டினாலும் காத்திருக்கக் கூடாது. இதை அம்மாவிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு மாதக் காலடி வரைபடத்தையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனை, இசிஜி, தேவைப்பட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) என்று மருத்துவர் முடிவுசெய்வார். கிளம்பும் முன் அந்த வரைபடத்தை அம்மாவிடமும் காட்டுங்கள். எந்த வாரத்தில் நடை குறையத் தொடங்கியது என்று பார்த்தால், அப்போது உடம்புக்கு என்ன செய்தது என்பது அவருக்கே நினைவுக்கு வரலாம்.