காவல் நாயை உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போகும்போது கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம். ஆனால் யாரையாவது கடித்துவிடுமோ என்பதைவிடப் பெரிய கவலை பனிக்கட்டிதான். தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் (10 செ.மீ.) தடிமன் இருந்தால்தான் ஆள் நடக்கலாம், வெள்ளைப் பனிக்கட்டி என்றால் இரு மடங்கு வேண்டும். நாய் லேசானது, மெல்லிய இடத்திலும் ஓடிவிடும். பின்னால் போகும் நீங்கள்தான் விழுவீர்கள். அதனால் நாய்க்குக் கயிறு கட்டாயம். நாய் தண்ணீரில் விழுந்தாலும் பின்னால் இறங்காதீர்கள், கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே உதவிக்கு ஆள் தேடுங்கள்.

சரி, காவல் குணம்? மீன்பிடிக்கப் பனிக்கட்டிமேல் போடும் கூடாரத்தை நாய் சீக்கிரமே தன் எல்லையாக நினைத்துக்கொள்ளும். “மீன் ஏதும் கிடைத்ததா?” என்று எட்டிப் பார்ப்பவர் அதற்குத் திருடன்தான்! அந்நியரைக் கண்டாலே பாயும் நாய் என்றால் வீட்டிலேயே விடுங்கள். அப்புறம், இரை கோத்த தூண்டில் முள்ளை மூடி வையுங்கள், வாசனைக்கு விழுங்கிவிடும்.