கொக்கோ விதை காசாக இருந்தது என்றால், அதைக் குடித்தது யார்?

பண்டைய மெக்சிகோவில், சாக்லேட் செய்யும் கொக்கோ விதை பணமா, பானமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். எல்லோரும் குடிக்க ஏங்கிய பொருள் என்பதால்தான் அது காசாகவும் செல்லுபடியானது என்று நான் நம்புகிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ போடுகிறார்கள். அங்கே ஒரு காயை உடைத்துத் தின்று பார்த்தேன். மேலே வழவழவென்று வெள்ளைச் சதை, புளிப்பும் தித்திப்புமாக. உள்ளிருந்த விதையைக் கடித்ததும் அப்படி ஒரு கசப்பு! இதைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்துக் குடிக்கலாம் என்று 3000 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்களே என்று மலைத்துப்போனேன்.

ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் 2200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தது. அந்தக் குளிரில் கொக்கோ விளையாது. பசிபிக் கரையோரச் சொகொனுஸ்கோ சீமையிலிருந்து வரவேண்டும். பொதிமாடு, குதிரை எதுவும் கிடையாது, எல்லாம் ஆள் முதுகில்தான். ஒரு சுமைக்கு 24,000 விதை. அந்தச் சீமை ஆண்டுக்கு 200 சுமை கப்பம் கட்டியது.

ஸ்பானியர் வந்தபிறகும் இந்தக் காசு ஓடிக்கொண்டிருந்தது. 1545இல் த்லாஸ்கலா என்ற மெக்சிகோ ஊரில் எழுதிவைத்த விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது. வான்கோழிப் பெட்டைக்கு 100 விதை, சூம்பிய விதையென்றால் 120. வான்கோழி முட்டைக்கு 3. அப்போதுதான் பறித்த அவகாடோவுக்கு 3, நன்றாகப் பழுத்துவிட்டால் 1. பெரிய தக்காளி ஒன்றுக்கும் 1. கள்ளக்காசும் இருந்தது: விதையின் தோலுக்குள் மெழுகையோ அவகாடோ கொட்டைத் துண்டையோ அடைத்து விற்றார்களாம். சகாகுன் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியானால் கொக்கோ குடிப்பவர் காசையே அரைத்துக் குடிக்கிறார். யாரால் முடியும்? அஸ்டெக்குகளிடையே பிரபுக்கள், போர்வீரர்கள், தூரதேச வணிகர்கள் இவர்கள்தான் குடித்தார்கள். சுமந்து வந்த கூலியாளுக்கு அது எட்டாத பொருள். சர்க்கரை கிடையாது. மிளகாய், வனிலா, சில வாசனைப் பூக்கள் சேர்ப்பார்கள். நுரைதான் அதில் உயர்வு. மெக்சிகோவின் தெற்கிலும் குவாதமாலாவிலும் வாழ்ந்த பழைய மாயா மக்களின் ஜாடி ஒன்றில், ஒரு பெண் நின்றபடி உயரத்திலிருந்து கீழே உள்ள பாத்திரத்தில் ஊற்றும் ஓவியம் இருக்கிறது. டீ ஆற்றுகிற அதே கைவாகு.

மாயா மக்களுக்கு இது இன்னும் ஆழமானது. குவாதமாலாவின் ரியோ அசூல் கல்லறையில் கிடைத்த மூடிபோட்ட ஜாடியில் கொக்கோவுக்கு மாயா சொல்லான 'ககவ்' என்றே எழுதியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தபோது கொக்கோதான்.

என் மனதில் நிற்பது பாலென்கே என்ற மாயா நகரில் உள்ள பக்கால் மன்னனின் கல் சவப்பெட்டி. 683இல் இறந்தவர். பெட்டியின் பக்கங்களில் அவருடைய முன்னோர் ஒவ்வொருவரும் ஒரு பழமரத்தோடு மண்ணிலிருந்து எழுகிறார்கள். தாய் சாக் குக் எழுவது காய்த்த கொக்கோ மரத்தோடு.